நாங்கள் இல்லாதபோதும் பூத்தவை: முன்முற்றத்தில் முதன்முதலாகப் பூங்கன்று வைப்போருக்கு

2010ஆம் ஆண்டின் கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து நானும் அம்மாவும் பருத்தித்துறைக்குத் திரும்பி வந்தோம். தெருமூடிமடம் தாண்டித் தும்பளைப் பக்கம் நடந்து ஒழுங்கைக்குள் இறங்கியபோது எங்கள் வளவு எதுவென்று உடனே பிடிபடவில்லை. வேலி இல்லை. கதியால் இல்லை. படலை இருந்த இடம் தெரியவில்லை. நான்கு வளவுகளும் ஒன்றாகிப் பற்றைக்காடாகக் கிடந்தன. 1996 தொடக்கத்தில் கிளாலிக் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்குப் போன நாங்கள், பதினாலு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணை மிதிக்கவில்லை.

அம்மாதான் கண்டுபிடித்தார். பற்றைக்கு மேலால் தெரிந்த ஒரு தேமா மரத்தைக் காட்டி, "உதுதான் எங்கட படலையடித் தேமா" என்றார். அதிலிருந்து கிணற்றுக்கு எத்தனை அடி, கிணற்றிலிருந்து விறாந்தைக்கு எத்தனை அடி என்று அவர் மனதால் அளந்து காட்டியபடியே பற்றைக்குள் கிணற்றுக்கட்டும், பிறகு கூரையில்லாத சுவர்களும் தெரிந்தன. யன்னல், கதவு, ஓடு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் படலையடியில் தேமாவும், விறாந்தை மூலையில் நந்தியாவட்டையும், பக்கத்துச் சுவரை மூடி ஏறியிருந்த போகன்விலாவும், உடைந்த சீமெந்து வெடிப்புகளில் பட்டிப்பூவும் நின்றன. நான்கும் பூத்திருந்தன.

இந்தக் கட்டுரை அந்த நான்கிலிருந்து நான் கற்றுக்கொண்டதைப் பற்றியது. மீள்குடியேறிய வீட்டிலோ, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த புது வீட்டிலோ, முன்முற்றத்தில் நாலு பூங்கன்று வைக்க விரும்பும், ஆனால் பூந்தோட்ட அனுபவம் இல்லாத ஒருவருக்காக எழுதுகிறேன். நான் விவசாயம் படித்தவள் அல்ல. பல கன்றுகளைச் சாகவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ரோசாவோடு தொடங்கிய தோல்வி

வீடு திருத்தி முடிந்ததும் நான் முதலில் செய்தது, சந்தைப் பக்கம் வந்த ஒரு வண்டியில் ஐந்து ரோசாக் கன்றுகள் வாங்கியது. மலைநாட்டுக் கன்றுகள். கையளவு பூவோடு நின்றன. தை மாதம் நட்டேன். மாசி வரை பூத்தன. பங்குனியில் இலை மஞ்சளித்தது. சோளகக் காற்று தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கருகின. காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்தேன். ஆனி பிறக்குமுன் ஐந்தும் முடிந்துவிட்டன.

அம்மா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பூங்கன்று வைப்பதில் அவருக்கு விருப்பமே இருக்கவில்லை. "எத்தினை வீட்டில வைச்சிட்டு விட்டிட்டு வந்தனாங்கள். ஸ்கந்தபுரத்தில ஒண்டு, விசுவமடுவில ஒண்டு. இனி நான் வைக்கேல்லை" என்பார். வன்னியில் இருந்த காலம் முழுவதும் நாங்கள் கொட்டிலைச் சுற்றிப் போட்டது கீரையும் மிளகாயும்தான். மூன்று மாதத்தில் பலன் தருவதை மட்டும் நடும் பழக்கம் அது. பல ஆண்டு நிற்கும் கன்றை நடுவதென்றால் பல ஆண்டு இங்கே இருப்போம் என்று நம்பவேண்டும்.

ஐந்தாவது ரோசாவையும் நான் பிடுங்கி எறிந்த அன்று அம்மா சொன்னார்: "பிள்ளை, நீ தண்ணி வார்த்ததுகள் எல்லாம் செத்துப்போச்சு. ஒருத்தரும் தண்ணி வார்க்காததுகள் பதினாலு வருசமா நிக்குது. அதைப் பார்த்துக் கன்று வையன்."

எந்தக் கன்று வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை.

அந்த நான்கும் ஏன் பிழைத்தன?

யோசித்துப் பார்த்தால் காரணம் மூன்று.

முதலாவது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டி முடிந்துவிடும். மிச்ச மாதங்கள் பெரும்பாலும் கோடைதான். தேமா தன் தடித்த தண்டில் நீரைச் சேமித்து வைக்கும். வரட்சி கூடினால் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். போகன்விலாவின் வேர் ஆழம் தேடிப் போகும். பட்டிப்பூ சின்னதாய் நின்று, செத்தாலும் விதை சிந்திவிட்டுத்தான் சாகும்.

இரண்டாவது ஆடு மாடு. வேலியில்லாத வளவில் கட்டாக்காலிகள் கடிக்காத பச்சை கிடையாது. தேமாவிலும் நந்தியாவட்டையிலும் பால் வரும், பட்டிப்பூ கசக்கும், போகன்விலாவில் முள் உண்டு. அவற்றை ஆடு பெரும்பாலும் விட்டுவைக்கும். எங்கள் வளவில் முன்பு நின்ற செவ்வரத்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அது ஆட்டுக்கு நல்ல தீன்.

மூன்றாவது உப்பு. பருத்தித்துறை இலங்கையின் வடமுனை. வாடைக் காற்றிலும் கடல் உப்பு வரும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையை அடித்தபோது கரையோரக் கிணறுகள் பல உவராகின. தேமா, போகன்விலா, பட்டிப்பூ மூன்றும் உப்பை ஓரளவு தாங்கக்கூடியவை.

ஆகவே உங்கள் ஊரிலும் முதலில் இதைச் செய்யுங்கள். ஆளில்லாத வளவுகள், கோயில் வீதி, சேமக்காலை, பாடசாலை மதில் ஓரம் என்று ஆரும் பராமரிக்காத இடங்களை, ஆவணி மாதக் கடும் வரட்சியில் ஒருமுறை நடந்து பாருங்கள். அப்போது எது பூத்து நிற்கிறதோ அதுவே உங்கள் மண்ணுக்கு உரிய கன்று.

பல்லாண்டுக் கன்று என்றால்

ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும் பூங்கன்றையே இங்கே பல்லாண்டுக் கன்று என்கிறேன். செவ்வந்தி, சீனியாஸ் போன்றவற்றை ஒவ்வொரு மாரிக்கும் புதிதாக நடவேண்டும். பூ நிறையத் தரும், ஆனால் வேலையும் நிறைய. தொடக்கக்காரருக்கு ஒருமுறை நட்டு, முதலாவது கோடையைத் தாண்டவைத்தால், பிறகு தன்பாட்டில் நிற்கும் கன்றே வசதி.

கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் ஒவ்வொரு வசந்தத்திலும் தன் முற்றத்துத் துலிப் பூக்களைப் படம் எடுத்து அனுப்புவார். "இது ஒருக்கா நட்டால் காணும், நீயும் வையன்" என்பார். அங்கே அது சரி. அந்நாட்டுக் கன்றுகள் பனிக்காலத்தில் மண்ணுக்குள் உறங்கி, குளிர் முடிய முளைக்கும். அந்தக் குளிர் இல்லாவிட்டால் துலிப் ஒழுங்காகப் பூக்காது. எங்கள் கன்றுகளின் உறக்கம் குளிரில் அல்ல, கோடையில். ஆகவே வெளிநாட்டுக் காணொளிகளையும் புத்தகங்களையும் பார்த்துக் கன்று தெரிவு செய்யாதீர்கள். அவற்றிலிருந்து கத்தரிக்கும் முறையைக் கற்கலாம். கன்றின் பெயரை எடுக்கக்கூடாது.

மண்வெட்டியை எடுக்குமுன்

முதலில் எங்கள் நிலத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் போன்ற முன்னைய முன்னரங்கப் பகுதிகளுக்கு அண்மையிலோ, பாதுகாப்பு அரண், காவலரண் இருந்த காணியிலோ நீங்கள் குடியேறியிருந்தால், மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணிதானா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் கிடங்கு வெட்டவேண்டாம். துருப்பிடித்த இரும்போ, கம்பி நீட்டிய பிளாஸ்ரிக் பெட்டியோ கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள். வந்த காலடித் தடத்தாலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். துப்புரவாக்கும்போது குப்பையைத் தெரியாத நிலத்தின்மேல் குவித்து எரிக்கவும் கூடாது. மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம்.

அந்தப் பயம் இல்லாத காணியென்றால் நான்கு விடயங்களைப் பாருங்கள்.

மண்: எங்கள் கரையோரத்தில் மணலும், அதன் கீழ் சுண்ணாம்புக்கல்லும். அலவாங்கால் குத்திப் பாருங்கள். ஒரு முழம் இறங்கினால் பற்றைக் கன்றுகளுக்குப் போதும். அதற்குள் கல் தட்டுப்பட்டால், கல்லடுக்கி ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி மண் நிரப்பலாம். சுண்ணாம்பு மண்ணுக்கு ஒரு குணம் உண்டு: மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அதைச் சில கன்றுகளால் எடுக்கமுடியாது. நரம்பு பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். என் ரோசாவுக்கு நடந்தது அதுதான் என்று பிறகுதான் விளங்கியது. வெட்சி என்கிற எக்சோராவுக்கும் இதே கரைச்சல் வரும்.

தண்ணீர்: கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உவர்ப்புத் தெரிந்தால் உப்புத் தாங்கும் கன்றுகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். குடாநாட்டில் நல்ல தண்ணீர், உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் மேலே வரும். பூவுக்காகக் குடிதண்ணீரைக் கெடுக்கக்கூடாது. குறைந்த தண்ணீரில் வாழும் கன்றைத் தெரிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில்: முன்முற்றத்தில் எந்த மூலைக்கு ஆறு மணித்தியால வெயில் படுகிறது, எது மத்தியானத்துக்குப் பிறகு நிழலாகிறது என்று ஒருநாள் பார்த்துக் குறித்துவையுங்கள்.

காற்று: சோளகம் எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்பது உங்கள் வீட்டுக் கதவே சொல்லும். அந்தப் பக்கத்தில் வேலியோ மதிலோ இல்லையென்றால், முதலில் கிளுவை, பூவரசுக் கதியால் போட்டுவிட்டுப் பூங்கன்றை யோசியுங்கள். ஆட்டுக்கும் அது தடை.

தொடக்கக்காரருக்கு ஏழு கன்றுகள்

முதலாவது ஆண்டில் ஐந்தாறு கன்றுக்கு மேல் வைக்காதீர்கள். கீழே உள்ள ஏழில் உங்கள் முற்றத்துக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அயலில் ஒரு தடி கேட்டால் போதும்.

தேமா: ஈழத்தலரி என்றும் சொல்வார்கள். கைப்பருமனுள்ள தடியை ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி, பால் காய்ந்து வெட்டுவாய் இறுகும்வரை ஒரு கிழமைக்கு மேல் நிழலில் போட்டுவிட்டு நடவேண்டும். வெட்டியவுடன் நட்டால் அழுகும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் குறைவாகவே வாருங்கள். கோடையில் இலை கொட்டும்; செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மரமாக வளரும் என்பதால் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி நடுங்கள். பால் தோலில் பட்டால் எரியும்.

போகன்விலா: முழு வெயில் வேண்டும். நாங்கள் பூ என்று பார்ப்பது உண்மையில் நிறமான இலை. அதன் நடுவே இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அதிகம் தண்ணீரும் எருவும் கொடுத்தால் இலை தள்ளும், பூக்காது. காய விட்டால்தான் பூக்கும். பென்சில் பருமனுள்ள முற்றிய தடியில் ஒரு சாண் வெட்டி நடலாம். பூத்து முடிந்ததும் கத்தரியுங்கள். முள் உள்ளதால் பிள்ளைகள் நடக்கும் பாதையோரம் வேண்டாம்.

நந்தியாவட்டை: பாதி நிழலிலும் பூக்கும். வெள்ளைப் பூ, இரவில் மெல்லிய வாசம். ஒற்றையும் உண்டு, அடுக்கும் உண்டு. மாரியில் தடி நட்டால் வேர் பிடிக்கும். ஆண்டின் பெரும்பகுதி பூ இருக்கும் என்பதால் பூசைக்குப் பூப் பறிக்கும் வீட்டில் இது ஒன்று கட்டாயம் வேண்டும்.

பட்டிப்பூ: நித்தியகல்யாணி என்றும் பெயர். எங்கும் வரும், என்றும் பூக்கும். வெள்ளையும் ஊதாவும் சேர்த்து வைத்தால் அழகு. இரண்டு மூன்று ஆண்டில் தண்டு முற்றிப் பூக் குறையும்; அப்போது பழையதைப் பிடுங்கிவிட்டுத் தானாக முளைத்த கன்றுகளை விடுங்கள். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்ரின் மருந்து இதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்காக வீட்டில் அவித்துக் குடிக்கக்கூடாது, கன்று நஞ்சுள்ளது.

செவ்வரத்தை: இது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கவனம் கேட்கும். ஆட்டிடமிருந்து காவல், கோடையில் கிழமைக்கு இரண்டு முறை தண்ணீர். ஆனால் நாளாந்தம் பூத் தரும். ஒரு பூவின் ஆயுள் ஒருநாள்தான்; பறிக்காவிட்டாலும் மாலையில் சுருண்டுவிடும். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் மாரித் தொடக்கத்தில் மூன்றிலொரு பங்கு கத்தரியுங்கள். தளிரில் வெண்பஞ்சு போல் வெண்முட்டுப்பூச்சி பிடிக்கும். 2008இல் இலங்கையில் முதலில் காணப்பட்ட பப்பாசி வெண்முட்டுப்பூச்சி செவ்வரத்தையையும் தேமாவையும்கூடத் தாக்கும். பிடித்த நுனியை வெட்டி எடுத்து அகற்றிவிட்டு, சவர்க்காரத் தண்ணீரை இலையின் கீழ்ப்புறம் படத் தெளியுங்கள்.

மல்லிகை: குண்டுமல்லிகை வெயிலில் நன்றாக வரும். மார்கழி கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்து எருப் போட்டால் பங்குனி, சித்திரையில் மொட்டு வைக்கும். மொட்டு வைக்கும் காலத்தில் தண்ணீர் தவறக்கூடாது.

நாலுமணிப்பூ: அந்திமந்தாரை. பின்னேரம் நாலு மணியளவில் விரியும். மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். கோடையில் மேற்பகுதி காய்ந்து காணாமல் போகும். முதல் மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். அந்த இடத்தைக் கொத்திவிடாமல் ஒரு கல் வைத்து அடையாளமிடுங்கள். விதையும் கிழங்கும் வாயில் வைக்கக்கூடியவை அல்ல. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இவற்றில் தேமாவும் போகன்விலாவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. பட்டிப்பூ மடகஸ்காரிலிருந்து வந்தது. இன்று அவற்றை எங்கள் ஊர்ப் பூ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

நான் வைக்காதவை

இலகுவாக வளரும் கன்றுகளின் பட்டியலில் அலரி முதலிடத்தில் வரும். தண்ணீர் வேண்டாம், ஆடு தொடாது, உப்பும் தாங்கும். ஆனாலும் என் முற்றத்தில் அது இல்லை. மஞ்சள் அலரியின் எல்லாப் பகுதியும் நஞ்சு, இதயத்தைத் தாக்கும். வடக்கு மருத்துவமனைகள் பல பத்தாண்டுகளாக இந்த நஞ்சோடு போராடி வருகின்றன. இழப்பும் மனச்சோர்வும் இல்லாத வீடு எங்களிடையே குறைவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டிலும், மனம் நொந்து இருப்பவர் உள்ள வீட்டிலும் அது வாசலில் நிற்கத் தேவையில்லை. இருந்தால் அடியோடு எடுத்துவிட்டு வேறொன்று வையுங்கள். எவராவது உட்கொண்டது தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வடமராட்சியில் உள்ளவர்களுக்கு மந்திகை ஆதார மருத்துவமனை அருகில் இருக்கிறது. நஞ்சு வேறு, மனச்சுமை வேறு அல்ல என்பதால், அங்கே உளநலப் பிரிவில் பேசவும் தயங்கவேண்டாம்.

கார்த்திகைப்பூவும் பல்லாண்டுக் கன்றுதான். கிழங்கிலிருந்து மாரிக்கு முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, பிறகு மறைந்துவிடும். எங்கள் மக்களுக்கு அந்தப் பூ என்னவாக இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வேலியில் தானாக வந்தால் நான் பிடுங்குவதில்லை. ஆனால் அதன் கிழங்கிலுள்ள கொல்சிசின் கடும் நஞ்சு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து எடுத்துவிடக்கூடும் என்பதால் மரக்கறித் தோட்டத்துப் பக்கம் அதை விடாதீர்கள்.

நாயுண்ணி அழகாகப் பூக்கும், ஆனால் பரவினால் வளவை மூடிவிடும். ரோசாவையும் எக்சோராவையும் மூன்றாவது ஆண்டுக்கு ஒத்திவையுங்கள். அப்போது நீங்கள் கூட்டெரு போட்டுச் சீராக்கிய மண் இருக்கும், அல்லது பூச்சாடியில் உங்கள் விருப்பப்படி மண் கலந்து வைக்கலாம்.

நடும் முறையும் மாதக் கணக்கும்

புரட்டாதியில் கிடங்கு வெட்டுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் போதும். அடியில் பொச்சு மட்டையைப் பரப்புங்கள். அது தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும். அதன்மேல் பூவரசங்குழை அல்லது சீமைக்கிளுவைக் குழை ஒரு படை, உக்கிய மாட்டெரு ஒரு படை, மேல்மண் ஒரு படை என்று நிரப்பி, இரண்டு மூன்று கிழமை விட்டுவிடுங்கள். உக்காத எருவோடு கன்றை வைத்தால் வேர் வெந்துவிடும்.

ஐப்பசியில் முதல் மழை மண்ணுக்குள் இறங்கியதும் நந்தியாவட்டை, செவ்வரத்தை, மல்லிகை நடலாம். மாரி முழுவதும் வேர்விட நேரம் கிடைக்கும். தை மாதத்தில் நட்ட என் ரோசாவுக்குக் கிடைக்காதது அந்த மூன்று மாதம்தான். கார்த்திகைக் கடும் மழையில் வெள்ளம் நிற்கும் வளவென்றால், தேமாவையும் போகன்விலாவையும் மேட்டுப்பாத்தியில் மட்டும் வையுங்கள், அல்லது மழை குறையும் தை வரை பொறுத்து நடுங்கள். அவை வரட்சியைத் தாங்கும், நீர் தேங்குவதைத் தாங்கா. கிணற்றடியிலும் மலசலகூடக் குழிக்கு அருகிலும் மரமாகும் கன்று வேண்டாம்.

தை பிறந்ததும் அடியைச் சுற்றி உலர்ந்த இலை, பனையோலைத் துண்டு, தும்பு என்று எதையாவது நாலு விரல் தடிப்பில் மூடுங்கள். தண்டைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மாசியிலிருந்து புரட்டாதி வரை, முதலாவது கோடையில் மட்டும், கன்றுக்குக் கிழமைக்கு இரண்டு முறை ஒரு வாளி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். விட்டுவிட்டு நிறைய வார்த்தால்தான் ஆழம் தேடும். நான் ரோசாவுக்குச் செய்த பிழைகளில் இதுவும் ஒன்று. இரண்டாவது கோடையில் கிழமைக்கு ஒருமுறை. மூன்றாவது ஆண்டில் தேமாவும் போகன்விலாவும் உங்களிடம் தண்ணீர் கேட்கமாட்டா.

அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை வார்க்கலாம். சவர்க்காரத் தூளும் குளோரினும் கலந்த உடுப்புத் தோய்த்த தண்ணீர் வேண்டாம். பூச்சாடித் தட்டிலோ சிரட்டையிலோ தண்ணீர் தேங்க விடாதீர்கள். மாரியில் டெங்கு நுளம்பு பெருகுவது அங்கேதான்.

காணி இல்லாதவர்களுக்கு

வலிகாமம் வடக்கில் சொந்தக் காணி இன்னும் விடுபடாமல் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படியானவர்கள் இதை வாசித்துவிட்டு, எங்களுக்கு முற்றமே இல்லையே என்று நினைக்கக்கூடும். தேமா, போகன்விலா, பட்டிப்பூ மூன்றும் பழைய பெயின்ற் வாளியில், அடியில் நாலைந்து துளையிட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வீடு மாறும்போது கூடவே வரும். காணி கிடைக்கும் நாளில் அதிலிருந்து தடி வெட்டி நிலத்தில் நடலாம். ஊரில் உங்கள் பழைய வளவுக்கு ஒருநாள் போய்ப் பார்க்க விட்டால், அங்கே பிழைத்து நிற்கும் கன்றில் ஒரு தடி முறித்துக்கொண்டு வாருங்கள்.

இன்று

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கடைசியாகக் கண்ட என் தம்பி இன்னும் வரவில்லை. அவனுடைய படம் விறாந்தையில் இருக்கிறது. அம்மா அதற்கு மாலை போட விடுவதில்லை, ஒரு பூக்கூட வைக்க விடுவதில்லை. படத்துக்குப் பூ வைப்பது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். முற்றத்தில் பறிக்கும் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் சாமிப் படத்துக்கு மட்டும்தான்.

ரோசா செத்த அந்த ஆண்டு ஐப்பசியில், நான் கேட்காமலே, அம்மா விறாந்தை மூலை நந்தியாவட்டையில் மூன்று தடி வெட்டிக் கிணற்றடிப் பக்கம் நட்டார். "பிடிச்சால் பிடிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். மூன்றில் இரண்டு பிடித்தன. அடுத்த ஆண்டு செவ்வரத்தை, அதற்கடுத்த ஆண்டு மல்லிகை. படலையடித் தேமாவை மட்டும் கத்தரிக்க அவர் விடுவதில்லை. "அவன் வந்தால் அடையாளம் தெரியவேணும்" என்பார். மதில் கட்டும்போது அந்த மரத்துக்காக ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டினோம்.

ஒழுங்கையில் திரும்பி வந்த மற்றக் குடும்பங்களுக்கு அம்மா இப்போது தடி வெட்டிக் கொடுக்கிறார். அயல் முற்றங்கள் சிலவற்றில் எங்கள் நந்தியாவட்டை நிற்கிறது. எங்கள் வீட்டுக் கன்று ஒருநாள் பட்டுப்போனாலும் அங்கே போய் ஒரு தடி வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் புரட்டாதியில் கிடங்கை வெட்டி வையுங்கள். முதல் மழைக்கு அயலில் ஒரு தடி கேளுங்கள். ஒன்று போதும், அது பிடித்தால் அடுத்த ஆண்டு இரண்டாவதைப் பார்க்கலாம்.